பீவர் தோலும் பிர்ச் பட்டையும்

மலர்க் குழுவில் இருக்கும் என் வகுப்புத் தோழன் போன் பண்ணி, "டேய், நீயும் ஒரு கட்டுரை கொடு. ஆனா ஹாஸ்டல் மெஸ் பத்தி மட்டும் எழுதாதே. அதுல ஏற்கனவே பதினொண்ணு வந்து குவிஞ்சு கிடக்கு" என்றான். ஆகவே நண்பர்களே, சாம்பார் பற்றி இதில் ஒரு வரியும் இருக்காது. 2009-ல் மெக்கானிக்கல் முடித்த நான், வேலை நிமித்தமாகக் கனடாவில் வின்னிபெக் நகரத்தில் இரண்டு குளிர்காலம் இருந்தேன். மைனஸ் முப்பத்தைந்து டிகிரியில் ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது? மியூசியம்தான். அங்கே கப்பல் ஒன்று முழுசாக நிற்கிறது. 'நான்சச்' என்று பெயர். 1668-ல் லண்டனிலிருந்து ஹட்சன் விரிகுடாவுக்குப் போய், அடுத்த வருடம் தோல் மூட்டைகளோடு திரும்பிய சின்னக் கப்பலின் மறு உருவம். அதைப் பார்க்கப் போய்ப் பிடித்த கிறுக்கு இது.

நமக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தெரியும். 1600-ல் ராணி சாசனம் கொடுத்தார், கம்பெனி வந்தது, கோட்டை கட்டியது என்று எட்டாம் வகுப்பில் படித்தோம். அதே மாதிரி 1670 மே 2-ஆம் தேதி இரண்டாம் சார்லஸ் மன்னர் இன்னொரு கம்பெனிக்குச் சாசனம் எழுதிக் கொடுத்தார். அதுதான் ஹட்சன் பே கம்பெனி. ஹட்சன் விரிகுடாவில் வந்து கலக்கும் ஆறுகள் எந்தெந்த நிலத்தில் ஓடுகின்றனவோ, அத்தனையும் கம்பெனிக்கு! ஏறத்தாழ 39 லட்சம் சதுர கிலோமீட்டர். இன்றைய இந்தியாவை விடப் பெரிசு. அந்த நிலத்தில் முக்கால்வாசியை எழுதிக் கொடுத்தவரும் பார்க்கவில்லை, வாங்கிக்கொண்டவர்களும் பார்க்கவில்லை. அங்கே குடியிருந்த கிரீ, டெனே, அனிஷினாபே, அசினிபாயின் மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. (செவ்விந்தியர் என்று நாம் படித்தோம். இப்போது அந்தச் சொல் வேண்டாம் என்கிறார்கள், நியாயம்தான். பூர்வகுடிகள் என்றே எழுதுகிறேன்.)

இதெல்லாம் எதற்காக? தொப்பிக்காக.

சிரிக்காதீர்கள். ஐரோப்பாவில் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் கனவான்கள் தொப்பியில்லாமல் தெருவில் இறங்க மாட்டார்கள். உசத்தியான தொப்பி பீவர் ரோமத்தில் செய்வது. பீவரைத் தமிழில் சிலர் நீர்நாய் என்று எழுதுகிறார்கள். நீர்நாய் வேறு, மீன் தின்பது. பீவர் கொறிக்கும் ஜாதி, மரத்தைப் பல்லால் வெட்டி ஓடையில் அணை கட்டும் சிவில் இஞ்ஜினியர். அதன் தோலில் இரண்டு அடுக்கு ரோமம் உண்டு. மேலே நீளமான முரட்டு ரோமம், அடியில் பஞ்சு மாதிரி மெல்லிய ரோமம். இந்த அடி ரோமத்தின் ஒவ்வொரு இழையிலும் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் இருக்கின்றன. சூடும் ஈரமும் கொடுத்து அழுத்தினால் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொண்டு, நெசவே இல்லாமல் துணியாகிவிடும். அதுதான் ஃபெல்ட். மழையில் நனைந்தாலும் உருக் குலையாது.

சிக்கல் அந்த மேல் ரோமத்தில். அதை நீக்கினால்தான் அடியில் இருப்பது கிடைக்கும். 17-ஆம் நூற்றாண்டில் அந்த வித்தை ரஷ்யர்களிடம் இருந்தது. கனடாவில் எடுத்த தோலை ரஷ்யாவுக்கு அனுப்பி வேலை வாங்கியிருக்கிறார்கள். இதற்குச் சுலபமான வழி பூர்வகுடிகளின் வீட்டிலேயே இருந்தது. அவர்கள் ஐந்தாறு பீவர் தோல்களைச் சேர்த்துத் தைத்து, ரோமம் உள்பக்கமாக வரும்படி மேலங்கியாகப் போட்டுக்கொள்வார்கள். ஒன்றிரண்டு குளிர்காலம் உடம்போடு உரசி உரசி முரட்டு ரோமம் தானாகவே உதிர்ந்துவிடும். உடம்பு எண்ணெய் ஏறித் தோலும் பதமாகிவிடும். ஐரோப்பிய வியாபாரிக்குப் புதுத் தோலை விட இந்தப் பழைய சட்டைதான் வேண்டியிருந்தது, அதற்குத்தான் கூடுதல் விலை. நீங்கள் மூன்று வருடம் போட்டுக் கிழிந்த சட்டையை ஒருவன் கப்பலில் வந்து, பித்தளைப் பாத்திரம் கொடுத்து வாங்கிப் போனால் என்ன நினைப்பீர்கள்? அவர்களும் அதைத்தான் நினைத்தார்கள். 1634-ல் இன்னு மக்களோடு குளிர்காலத்தைக் கழித்த லெ ஜூன் என்ற பாதிரியார், ஒரு இன்னுக்காரர் தன்னிடம் சொல்லிச் சிரித்ததை எழுதி வைத்திருக்கிறார். ஒரே ஒரு பீவர் தோலுக்கு இருபது கத்தி கொடுக்கும் இங்கிலீஷ்காரனுக்குப் புத்தியே கிடையாது என்று அவர் அபிப்பிராயம்.

கண்ணாடி மணியைக் காட்டி ஏமாற்றித் தோலைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன், நம்மில் பல பேரும் அப்படித்தான் நினைக்கிறோம். கம்பெனியின் கணக்குப் புத்தகங்கள் வேறு கதை சொல்கின்றன. (அந்த ஆவணங்கள் அத்தனையும் வின்னிபெக்கில் பத்திரமாக இருக்கின்றன. 2007-ல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது.) யார்க் பாக்டரி என்று விரிகுடாக் கரையில் 1684-ல் போட்ட கோட்டை. பாக்டரி என்றால் தொழிற்சாலை இல்லை, நம் ஊர்ப் பண்டகசாலை மாதிரிதான். அங்கே காசு புழங்கவில்லை. நல்ல குளிர்காலப் பீவர் தோல் ஒன்றுதான் நாணயம், 'மேட் பீவர்' என்று பெயர். ஒரு துப்பாக்கி பத்திலிருந்து பதினான்கு பீவர். மற்றத் தோல்களுக்கும் கத்தி, கம்பளி, புகையிலைக்கும் இந்தக் கணக்கிலேயே விலை.

வந்த வாடிக்கையாளர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. தோணி வந்ததும் உடனே கடை திறந்துவிட முடியாது. முதலில் தலைவருக்கு மரியாதை, அங்கி, பரிசு, ஒன்றாக உட்கார்ந்து புகைபிடித்தல், பேச்சு. போன வருடம் அளந்ததில் குறைவைத்தாய் என்ற புகாரை அப்போதே வைப்பார்கள். அப்புறம்தான் வியாபாரம். பாத்திரம் கனமாக இருந்தால் வேண்டாம், அதைத் தூக்கிக்கொண்டு ஆயிரம் கிலோமீட்டர் போகிறவர்கள் அவர்கள்தானே. குளிரில் வெடித்துவிடும் துப்பாக்கி வேண்டாம். மணியில் இந்த நிறம் பிடிக்காது, அந்த அளவு பிடிக்காது. 1739-ல் யார்க் பாக்டரியிலிருந்து லண்டனுக்குப் போன அறிக்கை ஒன்று, எந்தச் சாமான் ஏன் பிடிக்கவில்லை என்று வரிசையாகச் சொல்கிறது. தரக்கட்டுப்பாட்டுத் துறையில் வேலை பார்க்கும் நம் நண்பர்கள் படித்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்! காட்டுக்குள் இருந்த வேட்டைக்காரன் சொன்னதைக் கேட்டு பர்மிங்ஹாமிலும் லண்டனிலும் பட்டறைக்காரன் வேலையை மாற்றிச் செய்தான். ஆன் கார்லோஸ், ஃபிராங்க் லூயிஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இந்தக் கணக்குகளையெல்லாம் அலசி 2010-ல் ஒரு புத்தகம் போட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் போட்டிக்கு வந்த இடங்களில் ஆங்கிலேயக் கம்பெனி தோலுக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டி வந்தது, விலை ஏறியதும் தோலும் கூடுதலாக வந்தது என்று காட்டுகிறார்கள். போட்டியைப் பயன்படுத்தத் தெரிந்த வியாபாரிகள்.

அதிலும் கிரீக்காரர்கள் கெட்டிக்காரத்தனமான ஒரு வேலை செய்தார்கள். கம்பெனி நூறு வருடம் பெரும்பாலும் கடற்கரையை விட்டு நகரவில்லை, மேற்கு உள்நாட்டில் முதல் கோட்டையே 1774-ல்தான். அதுவரை உள்ளே இருக்கும் ஜனங்களுக்கும் கோட்டைக்கும் நடுவில் நின்றவர்கள் கிரீயும் அசினிபாயினும். கோட்டையில் வாங்கின துப்பாக்கியைச் சில வருடம் தாங்கள் உபயோகித்துவிட்டு, பழசாக்கி, உள்நாட்டில் வாங்கின விலையைப் போல் பல மடங்குக்கு விற்றார்கள். கிழக்கே வெண்டாட் மக்கள் அதற்கும் நூறு வருடம் முன்பே இதே மாதிரி தங்கள் சோளத்தை வடக்கே கொடுத்துத் தோல் வாங்கிப் பிரெஞ்சுக்காரர்களிடம் சேர்த்தார்கள்.

சரி, தோல் எப்படி வந்து சேர்ந்தது? இங்கேதான் மெக்கானிக்கல்காரனுக்கு உற்சாகம் வருகிறது. கனடா முழுக்க ஏரியும் ஆறும் பாறையும். ஐரோப்பியப் படகு பலகையும் ஆணியுமாகக் கனமாக இருக்கும், அருவி வந்தால் அங்கேயே நின்றுவிட வேண்டியதுதான். பூர்வகுடிகளின் தோணியைப் பாருங்கள். பிர்ச் மரத்தின் பட்டையை ஒரே தகடாக உரித்து, வெள்ளையான வெளிப்பக்கம் தோணிக்கு உள்ளே வரும்படி திருப்பிப் போடுவார்கள். சீடர் மரத்தில் வளைத்த விலா எலும்புகள். தையல் ஸ்ப்ரூஸ் மர வேரில். மூட்டுக்களில் அதே மரத்தின் பிசினோடு கொழுப்பும் கரித்தூளும் கலந்து பூச்சு. ஓர் ஆணி கிடையாது. வழியில் பாறை இடித்துக் கிழிந்தால் கரையில் இறங்கி, பக்கத்து மரத்திலிருந்தே ஸ்பேர் பார்ட்ஸ் எடுத்து, சாயங்காலத்துக்குள் சரிபண்ணிக்கொண்டு கிளம்பலாம். பின்னால் பிரெஞ்சுக்காரர்கள் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டு ட்ருவா ரிவியேர் என்ற ஊரில் பட்டறை வைத்தார்கள். மாண்ட்ரியாலிலிருந்து போன பெரிய தோணி 36 அடி நீளம், மூன்று டன் சரக்கு ஏற்றும், ஆனாலும் அருவி வந்தால் நாலு பேர் தோளில் தூக்கிவிடுவார்கள். டிசைன் என்றால் இதுதான் ஐயா டிசைன்!

பனியில் நடக்கும் வலைச் செருப்பும், இழுத்துப் போகும் டோபாகன் பலகையும் அவர்கள் கொடுத்தவைதான். எரிபொருள்? அதுவும். சமவெளியில் காட்டெருமை இறைச்சியைக் காயவைத்து, இடித்துத் தூளாக்கி, உருக்கின கொழுப்பை ஊற்றி, சில சமயம் காட்டுப் பழத்தையும் சேர்த்துத் தோல் பையில் அடைத்தால் பெமிக்கன். கொழுப்புக்குக் கிரீ மொழியில் 'பிமீ', அதிலிருந்து வந்த பெயர். வருடக்கணக்கில் கெடாது. தோணிக்காரர்கள் துடுப்புப் போட்டதெல்லாம் இதைத் தின்றுதான். 1814-ல் ஒரு கவர்னர் பெமிக்கனை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று உத்தரவு போட்டார். இரண்டே வருடத்தில், 1816 ஜூன் 19 அன்று, இன்றைய வின்னிபெக் இருக்கும் இடத்திலேயே சண்டை மூண்டு, கம்பெனி பக்கத்தில் அடுத்த கவர்னரோடு சேர்த்து 21 பேர் இறந்தார்கள்.

இந்த பெமிக்கனை இடித்தவர்கள், செருப்புக்கு வலை பின்னியவர்கள், தோலைச் சுரண்டிப் பதம் செய்தவர்கள், தோணியைத் தைத்தவர்கள் எல்லாம் பெண்கள். சாமுவேல் ஹெர்ன் என்ற கம்பெனி ஆள் 1769-லும் 1770-லும் வடக்கே தாமிரச் சுரங்கத்தைத் தேடிக் கிளம்பி, இரண்டு தடவையும் திரும்பி வந்தார். டெனே தலைவர் மடோனாபி அவரிடம், கூடப் பெண்களை அழைத்துப் போகாததுதான் தோல்விக்குக் காரணம் என்று சொல்லிவிட்டார். மூன்றாம் முறை மடோனாபியே தலைமை ஏற்று, மனைவிமாரோடு கிளம்பினார். 1771 ஜூலையில் ஹெர்ன் ஆர்க்டிக் கடலைப் பார்த்தார். ஹெர்ன்தான் பிரபலம். வழி காட்டினவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

பெயர் என்றதும் ஒருத்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தக் கட்டுரையே அவளுக்காகத்தான் என்றாலும் தப்பில்லை. தானாடெல்தர். டெனே இனத்துப் பெண். 1713-ல் கிரீக்காரர்கள் சிறைபிடித்துக்கொண்டு போனார்கள். அடுத்த வருடம் இன்னொரு பெண்ணோடு தப்பி ஓடினாள். பசி, குளிர், சொந்த ஊருக்குப் போக முடியவில்லை, கூட வந்தவள் இறந்துபோனாள். வாத்து வேட்டைக்கு வந்த கம்பெனி ஆட்களின் தடத்தைப் பிடித்துக்கொண்டு 1714 நவம்பரில் யார்க் பாக்டரி வந்து சேர்ந்தாள்.

கோட்டை கவர்னர் ஜேம்ஸ் நைட்டுக்கு அவள் சொன்ன செய்தி: எங்கள் நாட்டில் நல்ல தோல் இருக்கிறது, ஆனால் துப்பாக்கி வைத்திருக்கும் கிரீக்காரர்களைத் தாண்டி நாங்கள் வர முடியாது. நைட் சமாதானக் குழு ஒன்றை அனுப்பினார். 1715 ஜூனில் வில்லியம் ஸ்டூவர்ட் என்ற ஒரே ஒரு வெள்ளைக்காரர், கூட சுமார் 150 கிரீ மக்கள், மொழிபெயர்ப்பாளராகத் தானாடெல்தர். குளிர்காலம் வந்தது, சாப்பாடு இல்லை, கூட்டம் கலைந்து போயிற்று. மிச்சம் இருந்தவர்கள் ஓரிடத்தில் ஒன்பது டெனேக்காரர்களின் பிணத்தைப் பார்த்தார்கள். முன்னால் போன கிரீக்காரர்கள் செய்த வேலை. இனி பழிவாங்காமல் விடமாட்டார்கள் என்று எல்லோரும் ஊர் திரும்ப நின்றபோது, பத்து நாள் இங்கேயே இருங்கள் என்று சொல்லிவிட்டு அவள் மட்டும் தனியாகப் பனியில் நடந்து போனாள். தன் ஜனங்களைக் கண்டுபிடித்து, தொண்டை கட்டிப்போகும் வரை பேசி, பத்தாம் நாள் நூறு பேருக்கு மேல் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள்! சமாதானம் ஆயிற்று. 1716 மே மாதம் கோட்டைக்குத் திரும்பினார்கள்.

அதோடு விட்டாளா? நல்ல தோலை எப்படிப் பதம் செய்ய வேண்டும் என்று தன் ஜனங்களுக்குப் பாடம் எடுத்தாள். மட்டமான தோலை விற்கப் பார்த்த கிழவர் ஒருவரை மூக்கைப் பிடித்துத் தள்ளி முட்டாள் என்று திட்டினாள் என்று நைட்டின் நாட்குறிப்பு சொல்கிறது. 1717 பிப்ரவரி 5-ல் காய்ச்சல் கண்டு இறந்தாள். அந்த வருடமே அவள் சொன்ன வடக்குத் திசையில் சர்ச்சில் கோட்டை எழும்பியது. இத்தனையும் எழுதி வைத்த கம்பெனி, அவள் பெயரை எழுதவில்லை. ஏட்டில் அவள் வெறும் 'அடிமைப் பெண்'. தானாடெல்தர் என்ற பெயரைக் காப்பாற்றி வைத்தது டெனே மக்களின் வாய்வழிக் கதைதான்.

கோட்டை ஆட்கள் பலர் அந்த ஊர்ப் பெண்களை அந்த ஊர் முறைப்படியே கல்யாணம் செய்துகொண்டார்கள். உறவு முறை இல்லாமல் அங்கே வியாபாரம் நடக்காது. மெட்டி என்று புதிய இனமே இப்படித்தான் உருவாயிற்று. சிலர் கடைசி வரை குடும்பத்தோடு இருந்தார்கள். கம்பெனியின் பெரிய கவர்னர் ஜார்ஜ் சிம்ப்ஸன் 1830-ல் லண்டன் போய்ச் சொந்த அத்தை-மாமா வகைப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து, இங்கே பிள்ளை பெற்றிருந்த மார்கரெட் டெய்லரை வேறொருவருக்குத் தள்ளிவிட்டார். வில்லியம் கானலி என்பவரும் கிரீ மனைவியை விட்டு வேறு கல்யாணம் செய்தார். அவர் இறந்த பிறகு முதல் மனைவியின் மகன் வழக்குப் போட, 1867-ல் கியூபெக் நீதிமன்றம் கிரீ முறைக் கல்யாணமும் கல்யாணமே என்று தீர்ப்புச் சொன்னது.

இதையெல்லாம் படித்துவிட்டு, ஆஹா, சமமான கூட்டாளிகளாக இருந்தார்கள் என்று முடித்துவிட எனக்கு மனசு வரவில்லை. தோணி போன வழியிலேயே அம்மையும் போயிற்று. 1630-களில் வெண்டாட் மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் நோயில் போனார்கள், மிச்சம் இருந்தவர்களின் ஊர்களை 1649-ல் ஹோடினோஷோனி படைகள் அழித்தன. அந்தச் சண்டைக்குள்ளும் தோல் வியாபாரம் இருந்தது. 1781-82 அம்மை கிரீ, டெனே மக்களை வாரிக்கொண்டு போயிற்று. 1837-ல் மிசௌரி ஆற்றில் ஒரு வியாபாரக் கம்பெனியின் நீராவிப் படகில் வந்த அம்மையில் மாண்டன் இனத்தில் மிஞ்சியவர்கள் நூற்றுச் சொச்சம் பேர். சாராயம் வேறு. பீவரும் தீர்ந்துகொண்டே வந்தது. 1820-களில் அமெரிக்கர்கள் உள்ளே வந்துவிடக் கூடாது என்பதற்காகவே ஸ்னேக் ஆற்றுப் பகுதியில் ஒரு பீவரைக் கூட விட்டுவைக்காமல் பிடிக்கச் சொன்னது இதே ஹட்சன் பே கம்பெனி. பிறகு பட்டுத் தொப்பி வந்தது, பீவர் தொப்பி போயிற்று.

1869-ல் கம்பெனி தன் 'சொந்த' நிலத்தைக் கனடாவுக்கு விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டது. விலை 3,00,000 பவுண்டு, கூடவே விளைநிலத்தில் இருபதில் ஒரு பங்கு. 1870 ஜூலை 15-ல் கைமாறியது. வேட்டையாடியவர்களுக்கும் வழி காட்டியவர்களுக்கும் இது முன்கூட்டித் தெரியாது.

1874 செப்டம்பரில் குவாப்பெல் என்ற இடத்தில் கனடா அரசு கிரீ, சோல்டோ மக்களோடு நான்காம் ஒப்பந்தம் பேச உட்கார்ந்தது. நாள் கணக்காகப் பேச்சு நகரவில்லை. கம்பெனிதான் நடுவில் நிற்கிறது என்றார்கள். பாஸ்க்வா என்ற தலைவர், அங்கிருந்த கம்பெனி அதிகாரியைக் கைநீட்டிக் காட்டி, நிலத்தை 3,00,000 பவுண்டுக்கு விற்றதாக நீதானே சொன்னாய், அந்தப் பணம் எங்களுக்கு வர வேண்டும் என்று கேட்டார். வரவில்லை. ஒப்பந்தப்படி தலைக்கு வருடம் 5 டாலர் என்று முடிவாயிற்று. இன்றும் வருடா வருடம் கொடுக்கிறார்கள். இன்றும் 5 டாலர்தான்.

சாசனத்தில் வேடிக்கையான ஷரத்து ஒன்று உண்டு. மன்னர் அந்த நாட்டுக்குள் வரும்போதெல்லாம் கம்பெனி இரண்டு எல்க் மானும் இரண்டு கறுப்புப் பீவரும் வாடகையாகச் செலுத்த வேண்டும். 1939-ல் ஆறாம் ஜார்ஜ் வின்னிபெக் வந்தபோது கூட எல்க் தலைகளையும் பீவர் தோல்களையும் பணிவாகக் கொடுத்திருக்கிறார்கள். அதே வின்னிபெக்கின் நடுவில் 1926-ல் கம்பெனி கட்டின ஆறு மாடிக் கடையை 2020-ல் மூடி, 2022 ஏப்ரலில் தெற்கு மானிடோபாவின் 34 பூர்வகுடிச் சமூகங்களின் அமைப்புக்கு ஒப்படைத்தார்கள். அன்றைக்கு வாடகை மாறி வந்தது: தலைவர்கள் கம்பெனிக்காரரிடம் இரண்டு பீவர் தோலும் இரண்டு எல்க் தோலும் கொடுத்தார்கள். 2025 ஜூனுக்குள் கம்பெனியின் மற்றக் கடைகளும் எல்லாம் மூடியாயிற்று.

அந்தக் கட்டடத்துக்கு 2019-ல் ஒரு மதிப்பீடு செய்தபோது, ரிப்பேர் செலவைக் கழித்தால் விலை பூஜ்யம் என்று வந்ததாம். நான் தினமும் பஸ்ஸில் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போவேன். வெளிச்சுவர் டின்டால் சுண்ணாம்புக் கல், உறுதியாக நிற்கிறது. உள்ளே குடியிருப்புகளும், முதியோருக்கான இடமும், மியூசியமும் கொண்டுவரத் திட்டம் போட்டிருக்கிறார்கள்.